திருப்பி விட்ட பரிசு

கோகுலும் அவன் அக்கா மகாதேவியும் பேச்சை விட்டு நாலு வருஷம் ஆகப் போகிறது. ஆனால் சண்டையை ஒரு நாளும் விட்டதில்லை. காலையில் அவள் ஒரு அடி கொடுப்பாள், சாயந்திரம் இவன் ஒரு அடி கொடுப்பான். எல்லாம் கம்ப்யூட்டரில்.

ராஜ்ஜியம் கட்டி ஆளுகிற விளையாட்டு அது. 'ரிவர் அண்ட் க்ரவுன்' என்று பேர். ஊர் கட்டலாம், வயல் போடலாம், படை திரட்டலாம், அடுத்தவர் எல்லையில் கை வைக்கலாம். ஒருத்தர் தன் முறையை முடித்து அனுப்பினால்தான் மற்றவருக்கு முறை வரும். மகாதேவி கல்யாணமாகிப் பழனிக்குப் போன வாரம், "ஏலே, போன்ல கூப்புட்டா ரெண்டு வார்த்தைக்கு மேல உன் வாயில வராது. இதையாவது வெளாடு" என்று தொடங்கி வைத்த ஆட்டம். ஆறு வருஷமாக அதே ஒரே ஆட்டம்தான்.

அவனுக்கு விளையாடச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். கோடைக்கானலில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்த்த காலத்தில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிப் பூம்பாறைக்குக் கொண்டு வந்தாள். வீட்டுக்குள் அடுக்கியிருந்த பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, தம்பியைத் தோற்கடித்துத் தோற்கடித்தே ஆட்டம் பழக்கினாள். தோற்றால் அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பான். அவனுடைய தலைநகரத்துக்கு 'மதிகெட்டான்' என்று பேர் வைத்ததும் அவள்தான். பேரிஜம் ஏரிக்குப் போகிற வழியில் இருக்கிற காட்டின் பேர் அது, உள்ளே போனவனுக்கு வெளியே வர வழி தெரியாது என்பார்கள். "உனக்கு அளவெடுத்துத் தச்சாப்ல இருக்கு" என்றாள். தன் தலைநகரத்துக்குப் பேரிஜம் என்றே வைத்துக்கொண்டாள்.

அப்பா மலைச்சாமி இறந்த பதினாறாம் நாள் வினை வந்து சேர்ந்தது. மகாதேவியின் புருஷன் ராஜமுருகன் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, ஆனால் எந்தப் பேச்சை எந்த இடத்தில் எடுப்பது என்று தெரியாதவன். காரியத்துக்கு வந்த இடத்தில், மேட்டுக்காட்டில் மகாதேவிக்கு வர வேண்டிய பங்கை ரிசார்ட் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தான். அன்றைக்கென்று அவன் அதை எடுத்திருக்க வேண்டாம். கோகுலும் அன்றைக்கென்று மச்சான் சட்டையைப் பிடித்திருக்க வேண்டாம். பந்தியில் உட்கார்ந்திருந்த ஊரே பார்த்தது.

அவமானத்தோடு மலையிறங்கின ராஜமுருகன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே திருஆவினன்குடி கோயிலுக்குப் போய், சூடம் ஏற்றி, பெண்டாட்டி கையால் அதை அடித்து அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினான். தம்பி வீட்டோடு வாயால் பேச மாட்டேன், போனில் பேச மாட்டேன், காகிதத்தில் எழுத மாட்டேன். சூடம் அடித்துச் சொன்னதை மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்பது அந்தக் குடும்பத்துப் பயம். மகாதேவி அப்போது மூன்று மாசக் கர்ப்பம். சேதி அந்த வாரமே ஆள் மூலம் பூம்பாறைக்கு வந்து சேர்ந்தது.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் கோகுல் நினைத்தான். நாலாம் நாள் லேப்டாப்பைத் திறந்தால், 'உங்கள் முறை' என்று வந்து நிற்கிறது. இரண்டு பேர் எல்லைக்கும் நடுவே ஓடுகிற ஆற்றில் அக்கா ஒரு பாலம் கட்டி அனுப்பியிருந்தாள். கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிச் சூடத்தின் மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே! அவன் அழுதான். அவன் பெண்டாட்டி ரோகிணி பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆட்டத்துக்குள் சேதி சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. புது ஊர் கட்டினால் அதற்குப் பேர் வைக்கலாம், பன்னிரண்டு எழுத்துக்கு மேல் ஏறாது. ஆறு மாசம் கழித்து, பேரிஜத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் முளைத்தது. 'தாரணி' என்று பேர் போட்டிருந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று கோகுலுக்குப் புரிந்தது. அன்றைக்கே கோடைக்கானலுக்கு பஸ் ஏறிப் போய், சிவப்புக் கல் வைத்த பொடித் தோடு ஒரு ஜோடி வாங்கி வந்துவிட்டான். பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான். தோடும் தாய்மாமன் கொண்டு வருவதுதான். அது வேறு யாருக்கும் கொடுக்க முடியாத இடம். ரோகிணி தோட்டை மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்தாள்.

"கூப்புடுவாங்களா?" என்று கேட்டாள்.

"கூப்புடாம? தாய்மாமன விட்டுட்டு எப்படிக் குத்துவாக? வீட்டுக்கு வந்து வெத்தல பாக்கு வச்சு அழைச்சுத்தான் ஆகணும்" என்றான் கோகுல்.

மூன்று வருஷமாக அந்த அழைப்புக்காகத்தான் காத்திருந்தான். ரோட்டில் புதுசாக ஒரு கார் வந்து நின்றால் எட்டிப் பார்ப்பான். குழந்தைக்கு மூன்று வயசு முடிந்து தை பிறந்ததும், இந்தத் தை தாண்டாது என்று அவனாகவே சொல்லிக்கொண்டான். பஸ்ஸில் போனால் அரை நாள் தூரத்தில் இருக்கிற அந்தப் பிள்ளையை அவன் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. அழைக்காமல் போய் நிற்க அவனால் ஆகாது. அப்படியே வளர்ந்துவிட்டான், என்ன செய்வது.

பொங்கல் கழிந்த மறுநாள்தான் அது நடந்தது. விளையாட்டுக்குப் புதிதாக ஒரு எக்ஸ்பான்ஷன் வந்திருந்தது. இருக்கிற ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்கிற கூடுதல் சரக்கு, தனிக் காசு. 'கின் அண்ட் கோர்ட்' என்று பேர். அதுவரை அந்த விளையாட்டில் ராஜா என்றால் ஒரு கிரீடமும் ஒரு மூஞ்சியும்தான். இனிமேல் ராஜாக்களுக்குக் குடும்பம் உண்டு, அக்கா தங்கை உண்டு, ஒருத்தருக்கொருத்தர் ஓலை அனுப்பலாம் என்றெல்லாம் விளம்பரத்தில் போட்டிருந்தது. கோகுல் அதை மேலோட்டமாகப் பார்த்தான். புதுப் படைகள் ஒன்றும் இல்லையா என்றுதான் தேடினான்.

அன்று காலை, காரட் வயலுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தபோது இரண்டு அறிவிப்பு காத்திருந்தது. ஒன்று, 'உங்கள் முறை'. இன்னொன்று, 'மகாதேவி உங்களுக்கு ஒரு பரிசு அனுப்பியிருக்கிறார்'. அந்த எக்ஸ்பான்ஷனை அவளே காசு கொடுத்து வாங்கி அவன் கணக்குக்கு அனுப்பியிருந்தாள். பரிசோடு ஒரு குறிப்பு எழுத அதில் கட்டம் உண்டு. கட்டம் காலியாகக் கிடந்தது.

முதலில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே முகம் மாறிவிட்டது. அக்காவுக்குச் சீர் செய்கிறவன் தம்பி. தம்பி கை மேலே, அக்கா கை கீழே. பொங்கலுக்குப் பொங்கல் அவன்தான் கரும்பும் மஞ்சளும் பூண்டும் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். நாலு வருஷமாக அதற்கு வழியில்லை. இந்த நிலையில், தான் சட்டையைப் பிடித்த மச்சான் கடைக் காசில் வந்த பண்டத்தை வாங்கி வைத்துக்கொள்வதா? அதுவும் பொங்கலுக்கு மறுநாள், ஒரு வார்த்தை எழுதாமல்.

"அக்கா வீட்டுல வாங்கித் திங்கிற ஆளாயிட்டேன்னு நெனச்சிட்டா போல" என்றான்.

"அப்படி நெனச்சு அனுப்பியிருக்க மாட்டாங்க" என்றாள் ரோகிணி.

பரிசுக்குக் கீழே இரண்டு பொத்தான். ஏற்றுக்கொள்ளலாம், வேண்டாம் என்று சொல்லலாம். வேண்டாம் என்பதை அழுத்தினான். காசு அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும் என்று ஒரு வரி வந்தது. அது அவனுக்குக் கௌரவமாக இருந்தது.

பிறகு வழக்கம்போல முறையைத் திறக்கப் போனான். திறக்கவில்லை. இந்த ஆட்டம் 'கின் அண்ட் கோர்ட்' சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கிறது, அது உங்களிடம் இருந்தால்தான் திறக்கும் என்று காட்டியது. அதாவது மகாதேவி தன் பங்குக்கு அதை ஏற்கெனவே சேர்த்து, ஆட்டத்தையே அதற்கு மாற்றி அனுப்பிவிட்டாள். ஆறு வருஷத்து ஊர்களும் பாலங்களும் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தன, அவன் வெளியே நின்றான்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவனுக்கு. "என்னைய ஒரு வார்த்த கேக்கல பாரு. காட்ட விக்கிறதுக்கும் கேக்கல, இதுக்கும் கேக்கல. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி."

"அவங்க எங்க காட்ட வித்தாங்க? இன்னமும் அப்படியேதானே கெடக்கு" என்றாள் ரோகிணி. "எவ்வளவுங்க அது?"

அவன் விலையைச் சொன்னான். ஒரு மூட்டை காரட் காசுகூட இல்லை.

"அப்ப வாங்கிருங்க. நம்ம காசுல வாங்கினா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது? உள்ள என்ன அனுப்பியிருக்காங்களோ."

"என்னத்த அனுப்பியிருக்கப் போறா. ரெண்டு குதிரப்படை அனுப்பியிருப்பா."

வாங்கியிருக்கலாம். இந்தக் கதையில் அவன் வாங்கியிருக்கக் கூடிய நாள் இருபது இருந்தது. ஒவ்வொரு நாளும் வாங்காததற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தான். அதை வாங்கினவர்கள் எழுதின அபிப்பிராயங்களையெல்லாம் உட்கார்ந்து படித்தான். ஒருத்தன் பிரமாதம் என்றான், ஒருத்தன் பழைய ஆட்டத்தையே கெடுத்துவிட்டார்கள் என்றான். சேர்த்தபின் ஆட்டம் மெதுவாகிவிடுகிறது என்று ஒருத்தன் எச்சரித்திருந்தான். இது போதாதா கோகுலுக்கு! பங்குனி வாக்கில் தள்ளுபடி வரும், பாதி விலைக்குக் கிடைக்கும், அப்போது பார்க்கலாம் என்றான். நடுவில் நாலைந்து நாள் உறைபனி இறங்கியது. வெள்ளனே எழுந்து, வெயில் படுவதற்குள் பயிரின் மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிப்போகும். சோலி இருக்கிறது, விளையாட நேரம் ஏது என்றான்.

உண்மையான காரணம் வேறு. அவள் இறங்கி வரட்டும் என்று பார்த்தான். தம்பி வரவில்லையே என்று ஆட்டத்தைப் பழையபடி மாற்றி அனுப்புவாள் என்று எதிர்பார்த்தான். தினமும் சாயந்திரம் ஒரு தரம் திறந்து பார்ப்பான். 'உங்கள் முறை' என்பது அப்படியே நிற்கும். மூடிவிடுவான். சின்ன வயசில் தோற்றுவிட்டுச் சாப்பிடாமல் படுப்பானே, அப்போது அக்கா தட்டோடு வந்து தலைமாட்டில் உட்காருவாள். அந்தப் பழக்கம் கெடுத்துவிட்டது அவனை.

தை இருபத்திரண்டு, வியாழக்கிழமை. அன்றைக்குக் காலையிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. மத்தியானம் ரோகிணியைக் கூப்பிட்டு, "சரி, வாங்கித் தொலைக்கிறேன். இல்லாட்டி நீயும் விட மாட்ட" என்றான். அவள் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கார்டு நம்பரையெல்லாம் போட்டு முடித்தான். போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். மேகம் இறங்கி வீட்டு வாசலே தெரியாமல் மூடியிருந்தது, சிக்னல் இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான், தண்ணீர்த் தொட்டி வரை நடந்தான். திரும்பி வந்து பார்த்தால் நேரம் கடந்துவிட்டது, பணம் எடுக்க முடியவில்லை என்று திரையில் இருந்தது.

"மறுபடி போடுங்க" என்றாள் ரோகிணி.

"வேணாம் விடு. முருகனே வேணாம்ங்கிறான்" என்று மூடி வைத்தான்.

முருகன் தலையில் பழியைப் போடுவது சுலபம். கால் மணி நேரத்தில் மேகம் விலகிவிட்டது. அவன் மறுபடி போடவில்லை.

சனிக்கிழமை காலை பொன்னுவேல் வந்தான். பொன்னுவேல் ஊர்க் காய்கறியையெல்லாம் பிக்கப் வண்டியில் ஏற்றிப் பழனி வழியாக ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவன், கோகுலுக்கு அண்ணன் முறை. கோகுல் வயலில் காரட் கழுவி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தான். பொன்னுவேல் மூட்டையைத் தூக்காமல் வரப்பில் நின்றான்.

"ஏலே, என்னதான் வீம்பு இருந்தாலும் நேத்தைக்கு நீ போயிருக்கணும்டா."

"எங்கண்ணே?"

"எங்கேவா? உங்க அக்கா மகளுக்குக் காது குத்து. அடிவாரத்துல ஒரு மண்டபத்துல வச்சிருந்தாக. வண்டியத் திருப்புறப்பத்தான் பாத்தேன், சாமி கும்புட்டாப்ல ஓரமா நின்னேன்." கோகுலின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "உனக்குத் தெரியாதா?"

கோகுலின் கையில் ஒரு காரட் இருந்தது. அதை மூட்டையில் போட்டான். "யார் மடியில வச்சாக?" என்று கேட்டான்.

"கடையில டப்பா அடைக்கிறானே தங்கமுத்து, அவன் மடியில. தம்பி முறையாம். ஆசாரி ஊசியோட உக்காந்து ரொம்ப நேரம் ஆச்சு. உங்க அக்காதான் கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்கன்னு சொல்லிட்டே இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டு ரோட்டப் பாத்தபடி வாசல்லயே நின்னுச்சு. உங்க மச்சான் நல்ல நேரம் போகுதுன்னு சத்தம் போட்டப்பறம்தான் உள்ள வந்துச்சு. உன்னைய அழைச்சும் நீ வரலன்னு நெனச்சுட்டேன்டா நான்."

கோகுலின் காதில் கடைசி வரிகள் ஏறவில்லை. டப்பா அடைக்கிறவன் மடியில் என்பதோடு அவன் காது நின்றுவிட்டது. தன்னை அழைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அழைக்க மனசில்லை என்றால் ஊர்க்காரன் ஒருத்தனிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம். பொன்னுவேல் வாரம் மூன்று தரம் அந்தக் கடை வாசலைத் தாண்டித்தானே போகிறான். ஆட்டத்தில் குதிரைப்படை அனுப்பத் தெரிகிறது, பரிசு வாங்கி அனுப்பத் தெரிகிறது, தாய்மாமனுக்கு ஒரு சேதி அனுப்பத் தெரியவில்லை. ஊர் பேர் சொல்லிச் சிரிக்கும். அதைவிட, அந்தப் பிள்ளை தன் மடியில் உட்காராமலே வளர்ந்துவிடும்.

மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். லேப்டாப்பைத் திறந்தான். சிக்னல் பளிச்சென்று இருந்தது, ஓ.டி.பி. உடனே வந்தது. ஒரு நிமிஷத்தில் 'கின் அண்ட் கோர்ட்' அவனுடையதாகிவிட்டது.

"என்னங்க பண்றீங்க?" என்று ரோகிணி வந்து நின்றாள்.

"பேரிஜத்தைக் கொளுத்தப் போறேன். இருக்கிற படையெல்லாம் அனுப்பி ஒரு வீடு விடாமக் கொளுத்திட்டு, இந்த வெளாட்டயே இன்னைக்கோட முடிச்சிடுறேன். அவளுக்குத் தம்பி வேணாம்னா எனக்கும் அக்கா வேணாம்."

அவள் அடுப்படிக்குப் போனாள். அந்தக் கோபத்தில் அவனோடு பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆட்டம் திறந்தது. ஆறு வருஷத்து ஊர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் படையைத் தொட விடவில்லை. நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஓலை வந்து விரிந்தது. பேரிஜத்து அரசியிடமிருந்து நாலு ஓலை வந்திருக்கிறது, முதலில் அவற்றைப் படியுங்கள் என்று சொன்னது. பொங்கலுக்கு மறுநாள் தேதி போட்ட ஓலை மேலே இருந்தது.

"மதிகெட்டான் அரசருக்குப் பேரிஜம் அரசி எழுதுவது. எப்படிடா இருக்கு? ஏலே, இதுல கடுதாசி எழுதலாம், எவ்வளவு வேணா எழுதலாம், முறை வரலன்னாலும் எழுதலாம். இதுக்காகத்தான் வாங்கினேன். நீ சேல் வரட்டும்னு பங்குனி வரைக்கும் இழுப்பன்னுதான் உனக்கும் சேத்தே வாங்கிட்டேன். வாயால, போன்ல, காகிதத்துலன்னுதான் சூடம் அடிச்சேன். பரிசுக்கு மேல எழுதினா அது நான் உனக்கு எழுதுறது, அதான் எழுதல. இது ராணி ராசாவுக்கு எழுதுறது. முருகன் இதுக்குக் கண்ண மூடிக்கிருவான். தை இருபத்தி மூணு, வெள்ளிக்கிழம, தாரணிக்குக் காது குத்து. அடிவாரத்துல எங்க கடைக்கு எதுத்த மண்டபம். ஒம்பதுல இருந்து பத்தரை நல்ல நேரம். அவருகிட்ட நாலு மாசமா மல்லுக்கட்டி, உன் தம்பி தானா வந்து நின்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்ல வச்சிருக்கேன். ஆனா ஆள் விட்டோ நேருல வந்தோ அழைக்க மாட்டாரு, நானும் ஆள் விடக் கூடாதுன்னுட்டாரு. வெத்தல பாக்கு வைக்கலன்னு மூஞ்சியத் தூக்காத, இதையே வெத்தலயா வச்சுக்க. ரோகிணியயும் கூட்டிட்டு வா. நீ தோடு வாங்கி வச்சிருப்பன்னு எனக்குத் தெரியும். அதனால நான் வாங்கல."

கோகுல் அதை இரண்டு தரம் படித்தான். இரண்டாவது ஓலை நாலு நாள் கழித்து எழுதினது.

"பரிசத் திருப்பிட்ட. மொதல்ல அழுதேன். அப்பறம் யோசிச்சேன். அக்கா வீட்டுக் காசுல தம்பி வாங்கக் கூடாது, அதானே? அது மச்சான் காசு இல்லடா. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த காசு. சரி, உன் காசுலயே வாங்கிக்க. ஆனா வெரசா வாங்கு."

மூன்றாவது, தை இருபத்திரண்டு, வியாழக்கிழமை மத்தியானம். அவன் போனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிவரை நடந்த அதே மத்தியானம்.

"இன்னும் ஒண்ணையும் தொறக்கல நீ. தொறந்தா இங்க காட்டும்னு போட்டிருக்கு, தினம் பத்துத் தரம் பாக்குறேன். என்கிட்ட இருந்து வந்தத எடுத்துப் பாக்கக்கூட மனசு வரலையா? இன்னைக்கு வாங்கினாலும் போதும். வெள்ளனே மொத பஸ்ஸுல ஏறினா நல்ல நேரத்துக்குள்ள வந்துருவ. நான் வாசல்லயே நிக்கிறேன்."

நாலாவது ஓலையைத் திறக்க அவனுக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரத்துத் தேதி போட்டிருந்தது.

"பத்தேகால் மணி வரைக்கும் நின்னேன். அதுக்கு மேல அவரு விடல. தோடு பக்கத்து நகைக்கடையில போயி அவசரமா வாங்கியாந்தாரு. ஊசி குத்துனப்ப தாரணி அழல. மாமா எங்கன்னுதான் கேட்டா. ஒரு மாசமா, மாமா வருவாரு, மாமா மடியில உக்காரலாம்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். பச்சப்புள்ளகிட்ட என்னத்தச் சொல்றது? தங்கமுத்தக் காட்டி இவருதான் மாமான்னு சொல்லிட்டேன். நம்பிருச்சு. இப்பவும் அவன் சட்டையப் புடிச்சிட்டுத்தான் சுத்துது. உன்மேல கோவமில்ல கோகுலு. ஒரு மடி கேட்டேன், அவ்வளவுதான். பேரிஜத்த நீயே வச்சுக்க, எல்லா ஊரையும் வச்சுக்க. நான் இனிமே வெளாடல."

ஓலை சுருண்டு மறைந்தது. வரைபடம் மறுபடி தெரிந்தது. மகாதேவியின் சிவப்பு எல்லை ஒவ்வொரு ஊராக அவனுடைய நீல நிறத்துக்கு மாறிக்கொண்டு வந்தது. அவள் கட்டின பாலம் மாறியது, பேரிஜம் மாறியது, அதற்குப் பக்கத்தில் தாரணி என்ற சின்ன ஊரும் மாறியது. எதிராளி ராஜ்ஜியத்தைத் துறந்துவிட்டார், வெற்றி உங்களுக்கே என்று பெரிய எழுத்தில் வந்தது. எக்காளம் முழங்கியது. கோட்டை மதில் மேல் சனங்கள் நின்று கொடி அசைத்தார்கள்.

அவன் பதறிப்போய் ஓலை எழுதுகிற பொத்தானைத் தேடினான். இருந்தது, ஆனால் மங்கிக் கிடந்தது. அழுத்தி அழுத்திப் பார்த்தான். முடிந்த ஆட்டத்தில் ஓலை அனுப்ப இயலாது என்று அதே வரி திரும்பத் திரும்ப வந்தது.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ரோகிணி குரல் கொடுத்தாள். "என்னங்க, ஜெயிச்சிட்டீங்களா?"

"ஆமா" என்றான்.

அந்தக் குரல் சரியில்லை என்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி, ஓலைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். அவள் வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாள். கடைசி ஓலையில் அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனாலும் அவனைப்போல உட்கார்ந்துவிடவில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்து, மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

"கிளம்புங்க. பொன்னுவேலண்ணன் வண்டி இன்னும் போயிருக்காது. இப்பவே போய் வாசல்ல நிப்போம். திட்டினா வாங்கிக்கிருவோம்."

அவன் முடிச்சை அவிழ்த்தான். மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்த தோடு கொஞ்சமும் மங்கவில்லை. உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"அக்கா கால்ல விழுந்துருவேன், ரோகிணி. மச்சான் கால்லயும் விழுந்துருவேன்" என்றான். "அந்தப் புள்ளகிட்டப் போயி நான் யாருன்னு சொல்றது?"

ரோகிணி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கீழே ரோட்டில் பொன்னுவேலின் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. லேப்டாப்பை யாரும் மூடாததால் அந்த எக்காளம் மறுபடியும் முதலிலிருந்து ஊத ஆரம்பித்தது.